மொறிஸ் மைனருக்குப் பிறெஷர் பிளீடர்: தரைவரை போகும் பெடலுக்கு இது மருந்தா?

பிறேக் பெடல் தரைத்தகட்டைத் தொடும் அளவுக்குப் போய்த்தான் பிடிக்கிறது என்று சொல்லும் மொறிஸ் மைனர்க்காரர், அடுத்த மூச்சில் பிறேக் லைனிலுள்ள காற்றை வெளியேற்றும் பிளீடர்களில் எதை வாங்கலாம் என்று கேட்பார். லைனில் காற்று நிற்கிறது என்று அவர் முன்பே முடிவுகட்டியிருப்பார். இந்த மதிப்பீடு உதிரி ரயரின் காற்றில் வேலைசெய்யும் பிறெஷர் பிளீடரைப் பற்றியது. இந்த வகையில் அதிகம் பேருக்குத் தெரிந்த பெயர் கன்சன் ஈஸிபிளீட். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமான் நல்லது. தனியாளாகப் பிறேக் காற்றெடுக்க வேண்டியவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி குறைவு. ஆனால் மைனரில் பெடல் இறங்குவதற்கு முதற்காரணம் காற்று அல்ல. சக்கரத்தோடு சுற்றும் டிறத்துக்கும், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் சூவுக்கும் இடையே விழுந்துவிட்ட வெளிதான் பெரும்பாலும் காரணம். அதை எந்த பிளீடராலும் அடைக்க முடியாது.

பெட்டியில் வருவது எளிமையான சாமான்தான்: ஒரு பிளாஸ்ரிக் போத்தல், இரண்டு குழாய்கள், வெவ்வேறு அளவில் சில மூடிகள். ஒரு குழாயின் நுனி உதிரி ரயரின் வால்வில் பூட்டப்படும். மற்றக் குழாய் மூடி வழியாக, மிதிக்கும்போது ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரின் ஒயில் தொட்டிக்குப் போகும். போத்தலில் புது பிறேக் ஒயில். ரயரின் காற்று போத்தலை அழுத்த, போத்தல் ஒயிலைத் தள்ள, நீங்கள் சக்கரத்தடியில் படுத்திருந்து, ஒயிலை வெளியேவிடும் சிறு திருகான நிப்பிளைத் திறந்தால் ஒயில் தானாக ஓடிவரும். பெடலை மிதிக்க ஆள் வேண்டாம். தொட்டி வற்றிக் காற்றை இழுத்துவிடும் பயமும் இல்லை, போத்தலில் ஒயில் இருக்கும்வரை.

பழைய காருக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. இந்தச் சாமானை நான் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணமும் அதுதான். வழக்கமான முறையில் ஒருவர் பெடலை அடிவரை மிதிப்பார். ஓட்டத்தில் மாஸ்ரர் சிலிண்டரின் பிஸ்ரன் ஒருபோதும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆகவே சிலிண்டரின் முன்பாதியில், பிஸ்ரனுக்கு முன்னால் ஒயிலை அடைத்துத் தள்ளும் றப்பர் கப் உரசாத பகுதி ஒன்று இருக்கும். பல வருடம் பழைய ஒயில் கிடந்த சிலிண்டரில் அந்தப் பகுதி கறள் பிடித்துச் சொரசொரவென்று இருக்கும். அடிவரை மிதிக்கும்போது கப்பின் உதடு அந்தக் கறளில் போய் வெட்டுப்படும். காற்றெடுக்க முன் சுமாராக இருந்த பெடல், காற்றெடுத்த பின் மெதுமெதுவாக இறங்கத் தொடங்குவது இதனால்தான். பிறெஷர் பிளீடர் பிஸ்ரனை அசைப்பதே இல்லை. இந்தச் சாமான் இல்லாமல் ஆளை வைத்து மிதிக்கிறீர்கள் என்றால், பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து முழுத்தூரம் போகாமல் தடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் பெடலைக் கேளுங்கள்

கடைக்குப் போகுமுன் காரில் ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும். மிதிக்கும் பலத்துக்கு எஞ்சின் வழியாக உதவும் சேர்வோ மைனரில் கிடையாது. எஞ்சினை ஸ்ராட் செய்யத் தேவையில்லை.

ஒரு தடவை மிதியுங்கள். பெடல் வெகுதூரம் போய், பிறகு கல்லுப்போல் நிற்கிறதா? உடனே விட்டு இரண்டாம் தரம் மிதியுங்கள். இந்தமுறை உயரத்திலேயே பிடித்து, அங்கேயும் கல்லாக நின்றால், அது வெளி கூடிய குறை. முதல் மிதியில் வந்த ஒயில் சூக்களை டிறத்தை நோக்கி நகர்த்துவதிலேயே செலவாகிவிட்டது. சூக்கள் முழுவதும் திரும்பிப் போகுமுன் இரண்டாம் மிதி வந்ததால் மேலேயே பிடித்தது. காற்று இருந்தால் உணர்வு வேறு. பஞ்சுத் தலையணையை மிதிப்பதுபோல, அழுத்த அழுத்த இறங்கும், விட விட எழும். மிதித்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது பெடல் களவாக இறங்கிக்கொண்டு போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்ரர் சிலிண்டருக்குள் கப்பைத் தாண்டி ஒயில் பின்னால் போகிறது. தொட்டியில் மட்டம் குறையாமல் பெடல் மட்டும் இறங்கினால் குறை கப்பில்தான். எத்தனை தரம் மிதித்தாலும் மாறாமல், தொடக்கத்திலேயே ஒரு வெற்றுத் தூரம் கடகடவென்று போனால் பெடலின் இணைப்பாணியான பின்னையும், மாஸ்ரர் சிலிண்டர் பிஸ்ரனைத் தள்ளும் கம்பியான புஷ் றொட்டையும் பாருங்கள்.

அடுத்து ஹாண்ட் பிறேக்கை இறுக இழுத்துவிட்டு மிதியுங்கள். பெடல் கணிசமாக உயர்ந்தால் பின்சக்கரச் சூக்களில் வெளி அதிகம். செலவில்லாத சோதனை இது. ஏனோ அதிகம் பேர் செய்வதில்லை.

இதற்கும் தெளிவு கிடைக்காவிட்டால் மூன்று ஹோஸ் கிளாம்ப் வாங்குங்கள். பிளீடருக்கு முன்பு வாங்க வேண்டிய சாமான் என்று நான் சொல்வது இதைத்தான். மைனரில் றப்பர் ஹோஸ் மூன்று: முன்சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, பின் அக்சிலுக்குப் போவது ஒன்று. மூன்றையும் கிளாம்பால் நசுக்கிவிட்டு மிதியுங்கள். பெடல் உயரத்தில், இறுக்கமாக நின்றால் மாஸ்ரர் சிலிண்டரும், பெடல் இணைப்பும், இரும்புக் குழாய்களும் குற்றமற்றவை. பிறகு ஒன்றொன்றாக விடுவியுங்கள். எந்தக் கிளாம்பைத் தளர்த்தும்போது பெடல் சரிகிறதோ அந்தப் பக்கத்தில்தான் நோய். மூன்றும் நசுங்கியிருக்கும்போதே பெடல் தாழ்ந்தால், சக்கரங்களைத் தொடாமல் நேரே மாஸ்ரர் சிலிண்டருக்குப் போகலாம். உருண்டை வாயுள்ள கிளாம்ப்தான் வேண்டும். பற்களுள்ள குறட்டால் நசுக்கினால் ஹோஸின் உட்தோல் கிழியும். வெளியே வெடிப்புவிட்ட பழைய ஹோஸ் என்றால் சோதனை முடிந்ததும் மூன்றையும் மாற்றிவிடுங்கள். மிதிக்கும்போது பலூன்போல ஊதும் ஹோஸும் பஞ்சு உணர்வைத் தரும். அதைக் காற்று என்று நினைத்து லீற்றர் கணக்கில் ஒயிலை ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஆறு அட்ஜஸ்ரர்கள்

மைனருக்கு நான்கு சக்கரத்திலும் லொக்கீட் டிறம் பிறேக். 1948இல் வந்த முதற் காரிலிருந்து முன்னும் பின்னும் 7 அங்குல டிறம். 1962இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது முன்டிறம் மட்டும் 8 அங்குலமாகியது. முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் சூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டு, சூவின் வெளியைக் குறைக்கும் அட்ஜஸ்ரர் இரண்டு. பின்சக்கரத்தில் ஒவ்வொன்று. மொத்தம் ஆறு அட்ஜஸ்ரர். ஆறையும் சரிசெய்யாமல் "அட்ஜஸ்ற் பண்ணியாச்சு" என்று சொல்லக்கூடாது. முன்பக்கத்தில் ஓட்டைக்குள் முதலில் தெரியும் ஒன்றைத் திருப்பிவிட்டு, டிறத்தை அரைச்சுற்றுச் சுற்றி மற்றதைத் தேடாமல் சக்கரத்தைப் பூட்டிவிடுவதுதான் மைனரில் அதிகம் காணும் பிழை. அப்படிச் செய்தால் ஒரு சூ நெருங்கியிருக்கும், அடுத்த சூ தூரத்தில் நிற்கும், பெடல் மாறவே மாறாது.

இந்த வெளி பெடலில் எவ்வளவாகத் தெரியும் என்பதைக் கணக்காகப் பார்த்தால் புரியும். மாஸ்ரர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே விட்டம் என்றும், பெடலின் நெம்பு ஐந்துக்கு ஒன்று என்றும் வைத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டரிலும் பிஸ்ரன் அரை மில்லிமீற்றர் கூடுதலாக நகர வேண்டியிருந்தால், மாஸ்ரர் சிலிண்டர் பிஸ்ரன் 3 மில்லிமீற்றர் கூடுதலாகப் போகவேண்டும். பெடலில் அது ஒன்றரைச் சென்ரிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் என்றால் 3 சென்ரிமீற்றர். கடுதாசித் தடிப்புக் கணக்கில் தேய்ந்த லைனிங் (சூவின்மேல் ஒட்டிய உரசுபட்டை) பெடலைத் தரைக்குக் கொண்டுபோவது இப்படித்தான்.

வேலைமுறை இது. சக்கரத்தை உயர்த்தி, சேஸியைத் தாங்கியில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். பின்சக்கரம் என்றால் ஹாண்ட் பிறேக்கை முழுதாக விடுவிக்க வேண்டும். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க மறக்க வேண்டாம். டிறத்தின் முகத்தில் உள்ள ஓட்டையை அட்ஜஸ்ரருக்கு நேரே கொண்டுவந்து, ரோச் அடித்துப் பாருங்கள். நடுவில் வெட்டு விழுந்த சிறிய வட்டத் தலை தெரியும். பெரும்பாலும் லைனிங் தூள் படிந்து வெட்டே மூடியிருக்கும். அதைக் கம்பியால் சுரண்டி எடுங்கள். ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும், ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே சரி. அகலமான ஸ்குறூ டிறைவரை வைத்து மணிக்கூட்டுத் திசையில் திருப்ப, "டக், டக்" என்று ஒவ்வொரு பல்லாக விரலில் தட்டும். டிறம் சுற்றமுடியாமல் இறுகியதும் நிறுத்துங்கள். இப்போது பெடலைப் பலமாக ஒருதரம் மிதித்து விடுங்கள். சூ தன் இடத்தில் ஒழுங்காக உட்காரும். திரும்ப வந்து பார்த்தால் டிறம் சற்றுத் தளர்ந்திருக்கும். மீண்டும் இறுகும்வரை திருப்பி, பிறகு ஒரே ஒரு பல் பின்னால் விடுங்கள். இலேசான உரசல் சத்தம் பரவாயில்லை. டிறம் கையால் சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் இறுகினால் டிறம் வட்டம் குலைந்திருக்கிறது. அதை லேத்தில் கொடுக்காமல் பெடல் உயராது, ஏனென்றால் இறுகும் இடத்துக்காக நீங்கள் விடும் ஒரு பல், மற்ற இடங்களில் பெரிய வெளியாகிவிடும்.

அட்ஜஸ்ரர் அசையாவிட்டால் ஸ்குறூ டிறைவரைச் சுத்தியலால் அடித்துத் திருப்ப வேண்டாம், வெட்டு உடைந்துவிடும். டிறத்தைக் கழற்றி, அட்ஜஸ்ரரை எடுத்து, கறளைத் தேய்த்து, உயர் வெப்பம் தாங்கும் பிறேக் கிறீசை மட்டுமட்டாகப் பூசிப் போடுங்கள். டிறம் கழன்றபோதே பின்பக்க வீல் சிலிண்டரையும் கையால் ஆட்டிப் பாருங்கள். அது பின்தகட்டில் இறுகப் பூட்டப்பட்ட சிலிண்டர் அல்ல. தன் வெட்டுக்குள் முன்னும் பின்னும் வழுக வேண்டும். ஒரு பக்கத்தில் பிஸ்ரன் ஒரு சூவைத் தள்ள, சிலிண்டர் உடல் எதிர்ப்பக்கம் நகர்ந்து மற்றச் சூவைத் தள்ளும். கறளில் உடல் ஒட்டிக்கொண்டால் ஒரு சூ வேலைசெய்யாது, பெடலும் கீழே போகும், ஹாண்ட் பிறேக்கும் பிடிக்காது. எவ்வளவு காற்றெடுத்தும் சரிவராத பின்சக்கரங்களில் இதை முதலில் பாருங்கள்.

புதுச் சூ போட்டதும் பெடல் முன்னையைவிட மோசமானது என்ற முறைப்பாடும் அடிக்கடி வரும். அதிலும் காற்றைக் குறைசொல்ல வேண்டாம். தேய்ந்தோ கடைந்தோ டிறத்தின் உள்வட்டம் பெரிதாகியிருக்கும். புது லைனிங் கொம்பனி அளவு வளைவில் வந்திருக்கும். இரண்டு வளைவும் ஒத்துப்போகாததால் லைனிங்கின் நடுப்பகுதி மட்டும் டிறத்தைத் தொடும். மிதிக்கும்போது சூவின் தகடு வில்லாக வளையும். அந்த வளைவுதான் பெடலில் பஞ்சு உணர்வாகத் தெரிகிறது. டிறத்துக்குள் சோக்குக்கட்டியால் பூசி, சூவைப் பூட்டி, இலேசாக மிதித்தபடி சுற்றி, கழற்றிப் பார்த்தால் தொட்ட இடம் வெள்ளையாகக் காட்டும். நடுவில் மட்டும் வெள்ளை என்றால் லைனிங்கை டிறத்தின் வளைவுக்குத் தேய்த்தெடுக்க வேண்டும், அல்லது நிதானமாக ஓடிப் படியவிட்டு 300 கிலோமீற்றருக்குப் பிறகு ஆறு அட்ஜஸ்ரரையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

தரைக்குக் கீழே

மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் எஞ்சின் அறையில் இல்லை. சாரதியின் காலடியில், சேஸியின் பெட்டிக்குள் கிடக்கிறது. பாயைத் தூக்கி, தரையிலுள்ள சிறு தகட்டைக் கழற்றினால் மூடி தெரியும். றோட்டு மண்ணும் தண்ணீரும் வந்து விழும் இடம் அது. மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தெடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் போதும், கப்பின் ஆயுள் முடிந்தது.

பெடலும் அதே சேற்றில்தான் சுழல்கிறது. பெடலின் தண்டு, அது சுழலும் உலோக வளையமான புஷ், புஷ் றொட்டைப் பிடிக்கும் பின், பின் போகும் ஓட்டை எல்லாம் தேயும். ஐந்துக்கு ஒன்று என்ற அதே கணக்கில், பின்னில் ஒரு மில்லிமீற்றர் தேய்மானம் பெடல் தலையில் ஐந்து மில்லிமீற்றர் வெற்றோட்டம். பெடலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் புஷ்ஷின் நிலை தெரிந்துவிடும். பின்னை மட்டும் மாற்றி, நீள்வட்டமாகிவிட்ட ஓட்டையை அப்படியே விட்டால் பாதி வேலைதான். ஓட்டையை அடைத்து வெல்ட் பண்ணி, திரும்பத் துளைக்க வேண்டும்.

வெற்றோட்டம் முழுவதையும் இல்லாமல் செய்ய நினைப்பது ஆபத்து. புஷ் றொட்டுக்கும் பிஸ்ரனுக்கும் இடையே 0.8 மில்லிமீற்றர் அளவு வெளி இருந்தே ஆகவேண்டும். அது இல்லாவிட்டால் பிஸ்ரன் முழுதாகத் திரும்பி வராது. தொட்டிக்குப் போகும் சின்ன ஓட்டையைக் கப் மூடியபடியே நிற்கும். ஒயில் சூடாகி விரியும்போது திரும்பிப் போக வழியில்லை. பிறேக் தானாகப் பிடித்து, டிறம் கொதித்து, கார் நடுறோட்டில் இறுகி நிற்கும். பெடலை உயர்த்துவதற்குப் புஷ் றொட்டை நீட்டும் மெக்கானிக்கிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

சிலிண்டருக்குள்ளே, ஸ்பிறிங்கின் அடியில் ஒரு செக் வால்வும் உண்டு. டிறம் பிறேக்குக்கு இது அவசியம். பெடலை விட்ட பிறகும் லைனில் சிறு அழுத்தத்தை இது பிடித்துவைத்திருக்கும். அந்த அழுத்தத்தால் வீல் சிலிண்டர் கப்புகளின் உதடு விரிந்தபடி இருந்து காற்றை உள்ளே விடாது. கப் மாற்றும்போது இந்த வால்வைத் தொலைத்துவிட்டோ, அதன் றப்பர் வளையத்தைப் போடாமலோ பூட்டினால், காற்றெடுத்த மறுநாளே பெடல் திரும்ப இறங்கும். புதிதாகச் செய்த மாஸ்ரர் சிலிண்டர் வாங்குவோர் கடையிலேயே வெளியேறும் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பியால் தொட்டு, வால்வு இருக்கிறதா என்று உறுதிசெய்வது நல்லது. மூடியிலுள்ள காற்று ஓட்டை திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பூச்சு அடித்தபோது அது அடைபட்டிருக்கலாம்.

சிலிண்டரைக் கழற்றுவது மைனரில் பெரிய வேலை. அதைப் பிடிக்கும் நீளமான போல்ட்களை வெளியே இழுக்க, வலப்பக்கச் சாரதி கார்களில், முறுகி ஸ்பிறிங்காக வேலைசெய்யும் கம்பியான ரோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். அதன் இறுக்கத்தை விட்டு இடம் கொடுத்தால்தான் போல்ட் வரும். ஆகவே மூன்று கிளாம்ப் சோதனை சிலிண்டரைத்தான் காட்டியது என்ற உறுதி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இறங்கினால், கப் கிற் மட்டும் போடாமல், உட்சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் கிற் சில மாதமே தாங்கும். பழைய சிலிண்டருக்குள் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் உறை போடச் செய்வது, தரம் தெரியாத புதுச் சிலிண்டரைவிட நம்பகமானது என்பது என் எண்ணம்.

பிளீடரை மைனரில் பூட்டுவது

இனிச் சாமானுக்கே வருவோம். காரின் ஒயில் தொட்டி மூடியும் பெட்டியில் வந்த மூடியும் ஒத்துப்போனால்தான் இந்தச் சாமானுக்கு உயிர். மைனரின் நிரப்பு மூடி உலோகம். சிறந்த வழி, உதிரி மூடி ஒன்று வாங்கி, நடுவில் துளைத்து, குழாய் பூட்டும் முனை ஒன்றை றப்பர் வோசருடன் இறுக்கிவிடுவது. ஒருமுறை செய்தால் அந்தக் கார் இருக்கும்வரை உதவும். மூடியின் சொந்த வோசரையும் புதிதாகப் போடுங்கள்.

அழுத்தம் 20 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது. மைனரின் ரயரில் வழக்கமாகவே 22 பி.எஸ்.ஐ. அளவுதான் இருக்கும் என்பதால் உதிரி ரயரைச் சற்று இறக்கினால் போதும். 12 முதல் 15 போதுமானது. பெரிய வானின் ரயரைக் கொண்டுவந்து அப்படியே கொழுவினால் போத்தல் மூடி பறந்து, ஒயில் வர்ணத்தில் தெறிக்கும். பிறேக் ஒயில் பட்ட வர்ணம் உரிந்துவிடும்.

போத்தலில் ஒயில் ஊற்றாமல், காற்றை மட்டும் விட்டு முதலில் சோதியுங்கள். மூடியைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். நுரை எழும்பினால் அழுத்தத்தை இறக்கி மூடியைத் திரும்பப் பூட்டுங்கள். மைனரில் இந்தச் சோதனை மிக முக்கியம், ஏனென்றால் ஒழுகும் ஒயில் கண்ணுக்குத் தெரியாமல் சேஸிப் பெட்டிக்குள் போய்விடும். ஒழுக்கு இல்லை என்று கண்ட பிறகு காற்றை விட்டு, போத்தலில் ஒயில் ஊற்றி, மாஸ்ரர் சிலிண்டரையும் கையால் நிரப்பி, திரும்பக் கொழுவுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். எங்காவது சிந்தினால் உடனே கழுவிவிடலாம்.

மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கி, கிட்டியதில் முடியுங்கள். நிப்பிளில் தெளிவான குழாயைப் போட்டு, அதன் மறுமுனையைச் சிறிது ஒயில் உள்ள போத்தலில் முக்குங்கள். அரைச்சுற்றுத் திறந்தால் போதும். முதலில் தேநீர் நிறத்தில் பழைய ஒயில் வரும், இடையிடையே குமிழ்கள் ஓடும், பிறகு புது ஒயிலின் நிறம். குமிழ் நின்றபின்னும் கால் நிமிடம் ஓடவிட்டு மூடுங்கள். வெறுமனே காற்றெடுக்க அரை லீற்றர் போதும், பழைய ஒயிலை முழுதாக மாற்ற ஒரு லீற்றர் வைத்துக்கொள்ளுங்கள். போத்தல் வற்றினால் ரயரின் காற்றுமுழுக்க லைனுக்குள் போய், தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். முடிந்ததும் முதலில் ரயர்ப் பக்கக் குழாயைக் கழற்றி, போத்தலின் காற்றை விட்டு, கடைசியாகத்தான் மாஸ்ரர் சிலிண்டர் மூடி.

இந்தச் சாமானின் உண்மையான குறை ஒன்று: அழுத்தம் குறைவு, ஓட்டம் நிதானம். குழாய் மேல்நோக்கி வளையும் இடத்தில் ஒட்டி நிற்கும் குமிழை அந்த ஓட்டம் சிலவேளை இழுத்துவராது. கடைசியில் அதே சக்கரத்தில் நிப்பிளைத் திறந்துவைத்துப் பெடலை இரண்டு மூன்று தரம் சுறுக்காக, முழுத்தூரம் போகாமல் மிதித்து, கீழே இருக்கும்போதே நிப்பிளை மூடினால் அந்தக் குமிழும் வந்துவிடும். அதற்கு மட்டும் ஒரு ஆள் தேவை. நிப்பிள் இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். சிலிண்டர்களை இடம்மாற்றிப் பூட்டி, நிப்பிள் சிலிண்டரின் தாழ்ந்த பக்கத்தில் வந்துவிட்டால், மேலே நிற்கும் காற்று எந்த முறையிலும் வெளியேறாது.

போத்தலில் மிஞ்சிய ஒயிலைத் திரும்ப ரின்னில் ஊற்றக்கூடாது. ரயரின் காற்றில் ஈரம் உண்டு, பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும்.

வாக்யூம் பம்ப் வகையை டிறம் பிறேக்குக்கு நான் விரும்புவதில்லை. உறிஞ்சும்போது நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று வந்து முடிவில்லாமல் குமிழ் காட்டும். வீல் சிலிண்டர் கப்பின் உதடும் உட்பக்கம் இழுபட்டுக் காற்றை விடலாம். ஒருவழி வால்வு வைத்த மலிவுக் குழாய் அதைவிட மேல். ஆனால் அதற்குப் பெடலை மிதிக்க வேண்டும், பழைய சிலிண்டருக்கு அது ஆகாது.

பெடல் இறங்குகிறது என்று சேர்வோ போடுவது வீண்செலவு. சேர்வோ காலின் பலத்தைக் குறைக்கும், தூரத்தைக் குறைக்காது. ஒயில் தொட்டியை எஞ்சின் அறைக்குக் கொண்டுவரும் கிற் நல்லது. மட்டம் பார்க்கவும் இந்த பிளீடரைக் கொழுவவும் வசதி. ஆனால் அதுவும் பெடலை ஒரு மில்லிமீற்றர்கூட உயர்த்தாது. முன்னுக்கு டிஸ்க் மாற்றுபவர்கள் டிறம் காலத்துச் செக் வால்வை அப்படியே விட்டால் பாட் எப்போதும் உரசிக்கொண்டிருக்கும்.

பிறேக் ஒயிலின் தர வகைகளில் டொட் 4 போதும். புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155 பாகை என்பது அதன் கொதிநிலைக்குரிய குறைந்தபட்ச அளவு. டொட் 3இல் அது 205, 140. சிலிக்கோன் ஒயிலான டொட் 5ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. ஊற்றும்போது அதில் காற்று நுண்குமிழாகப் பிடித்துக்கொள்வதால் பெடல் சற்று மென்மையாகவே இருக்கும்.

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கும்போது மட்டும் பெடல் தாழ்ந்து, கீழே வந்து ஆறியபின் சரியாகிவிட்டால் அது வேறு கதை. டிறம் சூட்டில் விரிந்து சூவை விட்டு விலகுகிறது. டிறம் பிறேக்கின் இயல்பு அது. வெளியை ஒழுங்காக வைத்து, இரண்டாம் கியரில் இறங்கினால் தாங்கும். ஆனால் பெடல் பஞ்சுபோலாகித் தரைக்கே போனால் பழைய ஒயில் கொதித்து ஆவியாகிறது. அந்த இடத்திலேயே நிறுத்தி ஆறவிட வேண்டும், ஊர் வந்ததும் ஒயில் முழுவதையும் மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு இந்த பிளீடரைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின் ஏ30, ஏ35 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் காரில் முன்சக்கரம் மட்டும்தான் ஹைட்றோலிக். பின்சக்கரங்களை உடலுக்குக் கீழே உள்ள ஒரே சிலிண்டர் கம்பிகளால் இழுக்கிறது. அந்தக் கம்பிகளின் பின்கள் ஒவ்வொன்றிலும் தேய்மானம் சேர்ந்து பெடலில் வந்து நிற்கும். பிளீடர் வாங்குமுன் காருக்குக் கீழே படுத்து, ஒருவரை மிதிக்கச் சொல்லி, எந்தப் பின் ஓட்டைக்குள் வெறுமனே நகர்கிறது என்று பாருங்கள்.

ஒரே ஒரு மைனர் வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒயில் மாற்றுபவர், மிதிக்க வீட்டில் ஆளும் இருந்தால், இந்தச் சாமானை வாங்காமலே சமாளிக்கலாம். அகலமான ஸ்குறூ டிறைவரும் மூன்று கிளாம்பும் முதலில். இரண்டு மூன்று பழைய கார் வைத்திருப்பவர், அல்லது தனியாக வேலைசெய்பவர் தயங்காமல் வாங்கலாம். வேலை முடிந்த பிறகு பெடலைப் பலமாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்தபடி, நான்கு சக்கரத்தின் உட்பக்கத்தையும் இன்னொருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். பெடல் அசையாமல் நின்று, எங்கும் ஈரம் இல்லையென்றால் மட்டும் காரை ஒழுங்கைக்குள் நடைவேகத்தில் எடுங்கள்.